கொல்லைப்புற மரங்களும் கோடை வெயிலும்



இம்மலர் உங்கள் கைகளை வந்தடையும் வேளையில் பங்குனி வெயில் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். தேர்வுகள் முடிந்ததும் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு நாம் பாட்டி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் புறப்பட்டுவிடுவோம். ஆனால் நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்துக்கும் தென்னைக்கும் எலுமிச்சைக்கும் விடுமுறை ஏது? நின்ற இடத்திலேயே நின்று அவை கோடையைத் தாங்கியாக வேண்டும். அவற்றுக்கு நாம் செய்யவேண்டிய உதவி என்ன, உதவி என்று எண்ணிக்கொண்டு நாம் செய்துவரும் கெடுதல் என்ன என்பதைப் பள்ளித் தோட்டக் கழகத்தைச் சேர்ந்த நாங்கள் ஓரளவு கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை ஓர் எலுமிச்சை மரம். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறோம்.

நம் ஊர் நாகப்பட்டினம் கடற்கரையைச் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் சிறு பிள்ளைகள். விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தால் என்றும் இல்லாத வெளிச்சம் வீட்டுக்குள் வந்தது என்று எங்கள் அம்மாமார் இன்றும் சொல்வார்கள். நிழல் தந்த மரங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. இன்று நம் தெருக்களில் பல வீடுகளில் நிற்பவை அதன் பிறகு நட்ட கன்றுகள்தாம். நெட்டைத் தென்னை முதற்பாளை விட ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே அன்று வைத்த பிள்ளைகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்நிலையில் ஒன்றைக் கோடையில் இழந்தால், இன்னொரு முறை அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நம் தாத்தா பாட்டிமாருக்கு அது எளிதன்று.

மதுரை வெயிலும் நாகை வெயிலும் ஒன்றல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டில் வெயில் வறட்சியாகக் காய்கிறது. இங்கோ காற்றில் எந்நேரமும் ஈரம். நெற்றி வேர்வை வடிகிறதே தவிர உலர்வதில்லை. இதைத்தான் புழுக்கம் என்கிறோம். காற்றில்தான் இவ்வளவு ஈரம் இருக்கிறதே, மரத்துக்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது என்று நாங்களும் நினைத்தோம். எங்கள் அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்த எண்ணம் மாறிற்று. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியிலோ ஏறக்குறைய 40 கிராம் தாங்கும். மார்கழி மாதத்தில் 25 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் இருக்கும் ஒரு நாளில் காற்றில் ஏற்கெனவே 18 கிராம் நீராவி இருக்கிறது. மீதமுள்ள இடம் ஐந்து கிராம்தான். மே மாத நண்பகலில் 35 டிகிரி வெப்பத்தில் ஈரம் 60 விழுக்காடு என்றால், இருப்பது 24 கிராம். இன்னும் 16 கிராமுக்கு இடம் இருக்கிறது. அதாவது, நம் உடலுக்கு ஈரமாகத் தோன்றும் அதே காற்று, மார்கழிக் காற்றைவிட மூன்று மடங்கு தாகத்தோடு இலைகளிலிருந்து நீரை இழுக்கிறது.

பொழுது சாய்ந்தால் நிலைமை தலைகீழாகிறது. வெப்பம் குறையக் குறைய அதே காற்று ஈரத்தால் நிரம்பிவிடுகிறது. இலையில் விழுந்த நீர் விடியும்வரை உலராது. பூசணங்களுக்கு அதைவிட நல்ல காலம் வேண்டியதில்லை. பகலில் தாகம், இரவில் நோய் என்று இரண்டு தொல்லைகளை நம் மரங்கள் ஒரே நாளில் அனுபவிக்கின்றன. தண்ணீர் ஊற்றாவிட்டால் ஒரு கெடுதல். கண்ட இடத்தில் ஊற்றினால் மற்றொரு கெடுதல்.

இனி எலுமிச்சை மரத்தின் கதை.

எங்கள் பள்ளியின் பின்புறத்தில், மதிய உணவுப் பாத்திரம் கழுவும் குழாயடிக்குப் பக்கத்தில் அந்த மரம் நின்றது. நன்றாகக் காய்த்த மரம். ஆண்டு விழாவுக்கு வரும் பெரியவர்களுக்கு அதன் பழத்தில்தான் சர்பத் கலப்போம். சென்ற கோடையின் தொடக்கத்தில் அதன் இலைகள் மஞ்சளாயின, நண்பகலில் துவண்டன. 'ஐயோ, தாகம்!' என்று நாங்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாளி ஊற்றினோம். பற்றாக்குறைக்கு, குழாயடித் தண்ணீர் வீணாகிறதே என்று சிறு வாய்க்கால் வெட்டி நேராக மரத்தின் அடியிலேயே விட்டோம். அதற்காக எங்களைப் பாராட்டியவர்களும் உண்டு. மரம் மேலும் மஞ்சளாயிற்று. நாங்கள் மேலும் ஊற்றினோம். அடிமரத்தில் தேன் நிறத்தில் பிசின் வடியத் தொடங்கியது. அது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. சிலர் அதை எடுத்துக் காகிதம் ஒட்டக்கூடப் பார்த்தார்கள்.

ஒருநாள் தோட்டக்காரத் தாத்தா அடிமண்ணைக் கிளறிக் காட்டினார். மண்ணுக்குள் இருந்த பட்டை பழுப்பாகிக் கையோடு உரிந்து வந்தது. புளித்த வாடை வீசிற்று. "தாகத்துல சாகலை பாப்பா, தண்ணியில சாகுது" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நடந்தது இதுதான். வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சேறாக இருந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் நீரில் நீந்திச் செல்லும் வித்துகளை உடையது. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி ஆகியவற்றின் அடிப்பட்டையில் ஈரம் தங்கினால் அது உள்ளே நுழைந்து பட்டையை அழுகச் செய்கிறது. பிசின் வடிவது அதன் அடையாளம். அழுகிய வேர் நீரை உறிஞ்ச முடியாது. நீர் கிடைக்காத இலை வாடும். தாகத்தில் வாடும் இலையும் அழுகலில் வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. நண்பகலில் இலை துவள்வதைக் கண்டு பதற வேண்டாம். வேர் தரும் நீரைவிடக் காற்று எடுக்கும் நீர் அதிகமாகும்போது இலை தன் துளைகளை மூடிக்கொண்டு சற்றே தொய்வது இயல்பு. மறுநாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் கவலையில்லை. விடியலிலும் வாடியிருந்தால், உடனே குடத்தைத் தூக்காமல், மண்ணை ஒரு சாண் ஆழம் தோண்டி ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். உதிர்ந்தால் தாகம், உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் அழுகல் என்று ஐயப்பட வேண்டும். பத்து விநாடி வேலை. இதைச் செய்திருந்தால் எங்கள் எலுமிச்சை இன்றும் இருந்திருக்கும்.

தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் காப்பாற்றவும் முடியும். அடிமரத்தை மூடிய மண்ணை விலக்கி, அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்து, போர்டோ பசை பூச வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்கினால் பசை ஆயிற்று. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு ஆகாது. பளபளப்பான கத்தியை அதில் தோய்த்து எடுக்கும்போது செந்நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மயில்துத்தம் நச்சுப்பொருள். ஆகவே இது அப்பாவோ அண்ணனோ செய்யவேண்டிய வேலை. தங்கைகள் தள்ளி நிற்கட்டும்.

அப்படியானால் தண்ணீரை எங்கே ஊற்றுவது? மரத்தின் தடித்த வேர்கள் அதைத் தாங்கி நிற்பதற்கு. நீரையும் உணவையும் உறிஞ்சுபவை மயிரிழை போன்ற இளவேர்கள். அவை அடிமரத்தை ஒட்டி இருப்பதில்லை. கிளைகள் பரந்திருக்கும் எல்லையை ஒட்டியும் அதைத் தாண்டியும் இருக்கும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டியதில்லை. சித்திரை முதல் வாரத்தில் நம் பகுதியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அப்போது மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ, அங்கே ஒரு குச்சியால் வட்டம் போட்டுவிடுங்கள். அந்த வட்டத்தின்மேல் ஒரு சாண் அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து அதில் ஊற்றுவதே சரி. அடிமரம் உலர்ந்தே இருக்கட்டும். தென்னைக்கு மட்டும் இக்கணக்கு வேறு. அதன் வேர்கள் கயிறு கயிறாக அடியிலிருந்து கிளம்புபவை. பெரும்பாலும் ஆறடிச் சுற்றளவுக்குள்ளேயே வேலை செய்பவை. ஆகவே மரத்தைச் சுற்றி எப்புறமும் ஆறடி தள்ளி வட்டப் பாத்தி கட்ட வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய வாதம் எழுந்தது. நாள்தோறும் சிறிது ஊற்றுவதே அன்பு என்று ஒரு கட்சி. வாரம் ஒருமுறை நிறைய ஊற்றுவதே அறிவு என்று மற்றொரு கட்சி. வாதத்தைத் தீர்க்க, பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மரமில்லாத மணல் தரையில் ஒரு சதுர மீட்டர் அளவில் இரண்டு கட்டங்கள் போட்டோம். எங்கள் குடம் 15 லிட்டர் கொள்ளும். முதற் கட்டத்தில் நாளுக்கு அரைக் குடம் வீதம் ஆறு நாள் ஊற்றினோம். இரண்டாம் கட்டத்தில் முதல் நாள் காலையிலேயே மூன்று குடத்தையும் மெதுவாக ஊற்றிவிட்டு ஆறு நாள் தொடவே இல்லை. இரண்டுக்கும் சென்ற நீர் ஒரே அளவு: 45 லிட்டர். ஏழாம் நாள் தோண்டினோம். முதற் கட்டத்தில் மேல்மண் நல்ல ஈரம். ஒரு சாணோடு அந்த ஈரம் நின்றுவிட்டது. இரண்டாவதில் மேலே நான்கு விரற்கடை காய்ந்து கிடந்தது. அதன் கீழே ஒரு முழத்துக்கும் மேலாகக் குளிர்ந்த ஈரம். தினமும் ஊற்றிய நீரில் பெரும்பகுதி மேலிருந்தபடியே வெயிலுக்குப் போயிற்று.

இது தண்ணீர்ச் சிக்கனத்தோடு முடியும் செய்தியன்று. ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் வளரும். மேலாக ஊற்றி வளர்த்த மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேலாகவே படர்கின்றன. அப்படிப்பட்ட மரம் ஒருவாரம் தண்ணீர் நின்றாலே வாடுகிறது. காற்றடித்தால் பிடிமானமும் குறைவு. கஜாவில் விழுந்த மரங்கள் எல்லாம் இதனால்தான் விழுந்தன என்று நாங்கள் கூறவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய அக்காற்றில் ஆழ வேரூன்றிய மரங்களும் முறிந்தன. ஆயினும் சித்திரையில் நாம் ஊற்றும் முறைக்கும் கார்த்திகைப் புயலில் மரம் நிற்பதற்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அந்த மணற்குழிக்குள் கைவிட்டுப் பார்த்தபோதுதான் உணர்ந்தோம்.

மணல் தரையில் வளர்ந்த மரத்துக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நீர் விடுவது ஏற்றது. ஊருக்கு மேற்கே வயலை ஒட்டிய களிமண் என்றால் பத்து நாள்வரை பொறுக்கலாம். காய்க்கும் தென்னைக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை 200 லிட்டர் வேண்டும் என்பது கணக்கு. எங்கள் குடத்தில் அது பதின்மூன்று குடம். அவ்வளவு நீருக்கு எல்லா வீட்டிலும் வழியில்லை என்பதை நாங்கள் அறிவோம். அதற்குத்தான் மூடாக்கு என்னும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம். சென்ற மழைக்காலத்தில் நட்ட சிறு கன்றுகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றின் வேர் இன்னும் கையளவுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிதளவு ஊற்றத்தான் வேண்டும். ஊற்றும் நேரம் விடியற்காலை. மாலையில் ஊற்றுவதானால் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இலைகளை நனைத்து இரவில் ஈரத்தோடு விடாதீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும். கோடையில் நம் கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் உப்புக் கரிக்கத் தொடங்குகின்றன. தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு உப்பைத் தாங்கும். மாமரம் தாங்காது; அதன் இலை நுனியும் ஓரமும் தீய்ந்து போவதைக் கண்டிருப்பீர்கள். எலுமிச்சை எல்லாவற்றிலும் மென்மையானது. இப்போது பல வீடுகளில் குடிநீர் சுத்திகரிப்புப் பொறி வைத்திருக்கிறார்கள். அது வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் அம்மா மாங்கன்றுக்கு ஊற்றுகிறார். ஊருக்குள் வரும் நீரின் உப்பெல்லாம் செறிந்து வரும் நீர் அது! அதைத் தென்னைக்கு விடலாம், வீட்டைக் கழுவலாம். மாறாக, குளிர்சாதனப் பொறியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதை ஒரு வாளியில் பிடித்து எலுமிச்சைக்குத் தாராளமாக ஊற்றலாம். பாத்திரம் கழுவும் நீரைப் பற்றியும் ஒரு சொல். சாம்பலும் சிகைக்காயும் போட்ட காலத்து நீர் வேறு, இன்றைய சோப்புத்தூள் கலந்த நீர் வேறு. நம் பாட்டிமார் கிணற்றடியில் வாழையையும் தென்னையையும் வைத்தார்கள். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் அங்கே வைக்கவில்லை. யாரும் பாடம் நடத்தாமலேயே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

மூடாக்கு என்பது மரத்தடி மண்ணை இலை, சருகு, மட்டைகளால் போர்த்தி வைப்பது. வெயில் நேராக மண்ணில் படாததால் ஈரம் போகாது, மண்ணும் கொதிக்காது, மட்கியபின் உரமாகவும் ஆகும். தேங்காய் உரிமட்டை தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தென்னைப் பாத்தியில் குழிந்த பக்கம் தரையைப் பார்க்க, முதுகு மேலே தெரியும்படி அடுக்க வேண்டும். பாத்தி ஒன்றுக்கு ஏறக்குறைய 100 மட்டை பிடிக்கும். மண்ணுக்குள் புதைப்பதானால் முறை மாறும். குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், மழைநீர் அதில் தேங்குவதற்காக.

இந்த மூடாக்கு விஷயத்தில்தான் எங்களுக்கும் இல்லத்துச் சகோதரிகளுக்கும் சிறு பிணக்கு ஏற்பட்டது. எங்கள் பள்ளி முற்றம் காலையும் மாலையும் கண்ணாடிபோல் பெருக்கப்படுவது. ஒரு சருகு கிடந்தால் தலைமைச் சகோதரியின் கண்ணுக்குத் தப்பாது. சருகைக் கூட்டி மாமரத்தடியில் கொளுத்துவது நெடுநாள் வழக்கம். நாங்கள் போய், "சிஸ்டர், இனிமேல் சருகை எரிக்க வேண்டாம், மரத்தடியிலேயே பரப்பி வைக்கலாமா?" என்று கேட்டபோது அவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். "பாம்பு வந்தால் யார் பதில் சொல்வது?" என்றார்கள். நியாயமான கேள்வி. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மரத்தைச் சுற்றி உடைந்த செங்கல்லால் வரம்பு கட்டி, அதற்குள் மட்டும் நான்கு விரல் கனத்துக்குச் சருகு. கட்டடச் சுவரிலிருந்து பத்தடிக்குள் கிடையாது. அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடம் வெறுமையாக விட வேண்டும். சருகு பட்டையைத் தொட்டால் அங்கே ஈரம் தங்கும், கரையானும் ஏறும். மேலே கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கைத் தூவிவிட்டோம். கையை உள்ளே விடாமல் குச்சியால்தான் கிளறுவோம் என்று வாக்கும் கொடுத்தோம். இதுவரை பாம்பு எதுவும் வரவில்லை; மண்புழுக்கள் வந்திருக்கின்றன. சருகு எரித்த புகையில் இருமிக்கொண்டிருந்த சகோதரி ஒருவர் இப்போது எங்கள் கட்சி.

பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். புதிதாக வீடு கட்டுபவர்கள் கொல்லை முழுவதையும் சிமெண்டுத் தளமாக்கி, மரத்தின் கழுத்தைச் சுற்றி ஒரு சாண் வட்டம் மட்டும் விடுகிறார்கள். மழைநீரும் காற்றும் வேருக்குச் செல்ல வழியில்லை. வெயிலில் காய்ந்த தளம் நள்ளிரவுவரை வெப்பத்தைக் கக்குகிறது. எப்புறமும் மூன்றடியாவது மண்ணை விட்டுவையுங்கள். அதற்கு மேலும் விட முடிந்தால் நல்லது. கொடிக்கயிற்றுக்காக மரத்தில் ஆணி அடிப்பதையும், இரும்புக் கம்பியை இறுக்கிச் சுற்றுவதையும் நிறுத்தலாம். மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து, இலைகள் செய்த உணவு வேருக்கு இறங்கும் வழியை நெரித்துவிடும்.

கத்தரி வெயில் காலமான மே மாதத்தில் கிளைகளைப் பெரிதாக வெட்டக்கூடாது. நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று வெயிலைக் கண்டால் வெடிக்கும். காய்ந்த கிளையை மட்டும் எடுக்கலாம். வெயில் நேராகப் படும் இளமரத்தின் தண்டில் நீற்றிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பூசலாம். எண்ணெய் வர்ணம் கூடாது. சிறு கன்றுகளுக்கு மேற்கிலும் தெற்கிலும் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் போதும். வேர் தாகத்தில் இருக்கும்போது ரசாயன உரம் இடுவது, பசித்தவனுக்கு உப்பை ஊட்டுவதைப் போன்றது. உரமெல்லாம் மழை தொடங்கியபின்.

பூச்சிகளுள் நம் தென்னையை இன்று மிகவும் வாட்டுவது சுருள் வெள்ளை ஈ. இது நம் நாட்டைச் சேர்ந்ததன்று. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. ஓலையின் அடியில் வெள்ளை மாவால் சுருள்சுருளாகக் கோலம் போட்டதுபோல் முட்டையிடும். சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவை ஒழுகவிடும். அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து, கீழே உள்ள கொய்யா, வாழை இலைகளும் கரி பூசியதுபோல் ஆகிவிடும். மழையற்ற வெப்ப மாதங்களில் இதன் பெருக்கம் அதிகம். பதறிப்போய்க் கடையில் நஞ்சு வாங்கி அடிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். என்கார்சியா என்னும் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் குளவி ஒன்று இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் தன் முட்டையை வைத்து அவற்றை அழித்துக்கொண்டிருக்கிறது. நஞ்சு முதலில் கொல்வது அந்த நண்பனைத்தான். எட்டும் உயரமுள்ள மரமானால் குழாய் நீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம். காலையில் அடித்தால் பகலில் உலர்ந்துவிடும். மஞ்சள் நிறத் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் கட்டினால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சிய பசையை ஆறவைத்துத் தெளித்தால், வெயிலில் காய்ந்து செதில் செதிலாக அந்தக் கரியையும் பெயர்த்துக்கொண்டு விழும். எங்கள் கொய்யாவில் செய்து பார்த்தோம். மூன்றாம் நாள் இலை பச்சையாகத் தெரிந்தது.

இனி வரும் விடுமுறைக்கு எங்கள் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறோம். பள்ளிக்கு நடந்து வரும் தொலைவில் வீடுள்ள பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆளுக்கு ஆறு நாளுக்கு ஒரு காலை. இருவர் சேர்ந்தே வர வேண்டும். ஆறரை மணிக்குள் வந்து ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது சகோதரி இட்ட நிபந்தனை. பதினோரு பேரில் ஒருவருக்கு இணை இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் ஆளாகத் தோட்டக்காரத் தாத்தாவே பெயர் கொடுத்துவிட்டார். சிறு கன்றுகள் ஏழுக்கும் பானை புதைத்திருக்கிறோம். பழைய மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகி, கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கழுத்துவரை புதைத்தால் திரி வழியாக நீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் மணலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. வாயை ஓட்டுச்சில்லால் மூடிவைக்க மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

எலுமிச்சை நின்ற குழியை ஒரு கோடை முழுவதும் வெயில் படும்படி திறந்தே வைத்திருந்தோம். அந்த இடத்தில் இனி எலுமிச்சை வைக்கப்போவதில்லை. குழாயடி நீர் அங்கேதான் வந்து சேரும் என்பதால் இரண்டு வாழைக்கன்றுகளை வைத்திருக்கிறோம். புயலுக்குப் பிறகு நட்ட மாமரம் இரண்டாம் முறையாகப் பிஞ்சு விட்டிருக்கிறது. தென்னைகளில் மூன்றுக்கு மூடாக்குப் போட்டாயிற்று. இன்னும் இரண்டு வெறுந்தரையில் நிற்கின்றன. வீட்டில் உரிமட்டை சேர்ந்திருந்தால் அடுப்பில் வைத்துவிடாமல், தேர்வு முடியும் நாளன்று ஆளுக்கு நான்காவது கொண்டுவந்து பின்வாசல் பக்கம் போடுங்கள். ஏறக்குறைய 200 மட்டை தேவைப்படுகிறது.